நண்பரின் பணிநிறைவுக்காகக் கொச்சியில் ஒரு கால்பந்தாட்டம்: எந்த அணியையும் சேராதவன் எப்படி நடந்துகொள்வது?

பாளை நடுவர் | 2023 நவம்பர் 11

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் வங்கி அதிகாரியாகப் பல ஊர்களில் பணியாற்றி, கடைசியில் எர்ணாகுளத்திலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். இந்த மாதம் 30 ஆம் தேதி அவர் பணிநிறைவு பெறுகிறார். நம் பக்கத்து வழக்கப்படி மண்டபம் பிடித்து, சால்வை போர்த்தி, இலை போட்டு விருந்து வைப்போம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். அலுவலகத்தார் நடத்தும் வழியனுப்பு விழா தனியாக நடக்கட்டும் என்றும், பழைய நண்பர்களாகிய நாங்கள் செய்ய வேண்டியது முந்தைய நாள், அதாவது 29 ஆம் தேதி புதன்கிழமை இரவு, கலூர் மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் சென்னையின் எஃப்.சி. அணியும் மோதும் ஆட்டத்தை அவரோடு அமர்ந்து பார்ப்பதுதான் என்றும் சொல்லிவிட்டார். டிக்கெட்டுகளையும் அவரே எடுக்கிறார்.

2014 ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்தே அவர் பிளாஸ்டர்ஸ் ரசிகர். அந்த அணி 2014, 2016, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை சென்று கோப்பையைத் தவறவிட்டது என்பதும், அவற்றுள் 2016 ஆம் ஆண்டுத் தோல்வி கலூரிலேயே, சொந்த ரசிகர்களின் கண்முன்னே பெனால்டியில் நேர்ந்தது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இறுதியாட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்கு இன்றும் குரல் மாறிவிடும்.

நான் கோவில்பட்டியில் வளர்ந்தவன். அந்த ஊரில் வளர்ந்தவனுக்கு விளையாட்டென்றால் ஹாக்கிதான். ஆடினேன், பிறகு பல ஆண்டுகள் கல்லூரி அளவிலான ஆட்டங்களுக்கு நடுவராகவும் நின்றேன். ஆகையால் விளையாட்டைப் பார்க்கத் தெரியாதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. ஆனால் கால்பந்தில் எனக்கென்று ஓர் அணி கிடையாது. சென்னையின் அணி தமிழ்நாட்டு அணி என்பதற்காக அதன் மீது தனிப் பற்று உண்டா என்று மனத்தைக் கேட்டுப் பார்த்தால், அப்படியும் ஒன்றும் தோன்றவில்லை.

எனக்குள்ள ஐயங்கள் இவை. நண்பர் தம் அணியின் மஞ்சள் ஜெர்சியை எல்லோருக்கும் வாங்கி வைத்திருப்பதாகத் தெரிகிறது. பற்றில்லாத ஒருவன் அதை அணிவது வேடம் போடுவதாகாதா? சென்னை அணி நல்லதொரு கோல் போட்டால் கை தட்டலாமா, அல்லது பேசாமல் இருக்க வேண்டுமா? எங்களுடன் வரும் தூத்துக்குடி நண்பர் ஒருவர், தமிழ்நாட்டு அணி ஆடும்போது நீலச் சட்டை அணிந்துதான் வருவேன் என்று அடம்பிடிக்கிறார். அவரை விட்டுவிடுவதா, தடுப்பதா? கடைசியாக, பணிநிறைவுக்கு முந்தைய இரவில் நண்பரின் அணி தோற்றுப்போனால் அவரிடம் என்ன பேசுவது? எங்கள் எல்லோருக்கும் அறுபது வயது என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள். படிக்கட்டும் இரைச்சலும் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால் நல்லது.

குமரிக் கடலோரம் | 2023 நவம்பர் 11

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்தவன். எங்கள் கரையில் கால்பந்து ஆடாத ஊர் இல்லை. மணலில் ஆடித்தான் கால் உரம் பெறும். சென்னை சிட்டி அணியில் பெயர் எடுத்து, பின்னர் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று சூப்பர் லீகில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையிலிருந்து போனவர்தான். கொச்சியும் சென்னையும் எங்களுக்கு இரண்டு பக்கத்து இழுப்பு. கொச்சி கிட்டத்தில் இருக்கிறது, சென்னை நம் மாநிலத்துத் தலைநகராக இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் மஞ்சளும் தம்பி நீலமுமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் தூத்துக்குடி நண்பரின் மனநிலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஜெர்சியைப் பற்றி என் கருத்து இது. நீங்களாகக் கடைக்குப் போய் மஞ்சள் ஜெர்சி வாங்கி அணிந்து, பத்தாண்டு ரசிகரைப் போல முழக்கமிட்டால் அது வேடம். நண்பர் தம் கையால் கொடுப்பதை வாங்கி அணிவது அப்படியன்று. கல்யாண வீட்டில் சந்தனம் கொடுத்தால் பூசிக்கொள்கிறோம். நீ மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டுபவர் கேட்பதில்லை. அவருடைய அணி அந்தச் சட்டையில் இருக்கிறது, அவருடைய மகிழ்ச்சியும் அதில் இருக்கிறது. நீங்கள் இரண்டாவதற்காக அணிகிறீர்கள். அதற்குமேல் எந்த வாக்குறுதியும் அந்தத் துணியில் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. அணிந்த பிறகு, பக்கத்து இருக்கையில் இருக்கும் அறிமுகமில்லாதவர் உங்களைத் தம் ஆளாகவே எண்ணி, தோளில் கை போட்டு, நடுவரைத் திட்டுவதில் உங்களையும் சேர்த்துக்கொள்வார். அப்போது, நான் ஹாக்கி நடுவர், அந்தத் தீர்ப்பு சரியானதுதான் என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினால் போதும்.

நீலச் சட்டையைத் தடுத்தே ஆக வேண்டும். சென்னை அணிக்கென்று வெளியூர் ரசிகர் கூட்டம் வந்தால், அவர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கிப் பாதுகாப்புக் கொடுப்பார்கள். அங்கே நீலம் அணிந்து கத்துவதில் எந்தத் தவறும் இல்லை. உங்கள் டிக்கெட்டோ பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் நடுவில். அந்த இடத்தில் நீலச் சட்டையோடு ஒருவர் எழுந்து கை தட்டினால் அடிதடி வரும் என்று நான் சொல்ல வரவில்லை; கொச்சிக் கூட்டம் பொதுவாகக் கேலியோடு நின்றுவிடும். ஆனால் அந்தக் கேலிக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டும், பக்கத்து வரிசைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் இரண்டு மணி நேரம் அல்லாடப் போகிறவர் பணிநிறைவு பெறும் மனிதர்தான். விழா நாயகரைக் காவல்காரராக மாற்றாதீர்கள் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல் | 2023 நவம்பர் 12

ஐயா, நான் தென்காசியைச் சேர்ந்தவள், வேலை கொச்சியில். கலூர் மைதானத்துக்கு அலுவலகத் தோழிகளோடு போய்வருகிறேன் என்பதால், போக்குவரத்தையும் இருக்கையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். யார் எந்தச் சட்டை அணிவது என்பதை ஆண்கள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வருபவர்களுக்குப் பாலருவி விரைவு வண்டியே வசதி. இரவில் நெல்லையில் ஏறினால் அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகக் காலையில் எர்ணாகுளம் டவுன் நிலையத்துக்கு வந்து சேரலாம். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018 இல் திறக்கப்பட்ட பிறகுதான் நமக்கு இந்த வசதி வந்தது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தின் மீது போவீர்கள், ஆனால் இருட்டில் ஒன்றும் தெரியாது என்பது ஒரு வருத்தம். ஆட்டத்தன்றே காலையில் வந்து இறங்கினால் நண்பர் வீட்டில் பகல் முழுவதும் ஓய்வெடுக்க நேரம் இருக்கும். அறுபது வயதில் இரவெல்லாம் ரயிலில் வந்துவிட்டு மறுநாள் இரவில் ஆட்டம் பார்ப்பதற்கு அந்த ஓய்வு கட்டாயம் தேவை. திரும்பும்போதும் அதே வண்டிதான். மாலையில் எர்ணாகுளத்தில் ஏறினால் விடியற்காலையில் நெல்லையில் இறங்கலாம்.

மைதானத்துக்குக் காரில் போக வேண்டாம் என்று நண்பரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சென்னை அணியோடு ஆட்டம் என்றால் கலூர்ச் சாலையில் மாலையிலிருந்தே வண்டிகள் நகராது. கொச்சி மெட்ரோவில் ஜே.எல்.என். ஸ்டேடியம் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே. ஆட்ட நாட்களில் இரவுச் சேவையை வழக்கமான நேரத்துக்குப் பிறகும் நீட்டிப்பார்கள். அதற்கான அறிவிப்பை அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் பயணச்சீட்டையும் போகும்போதே எடுத்துவிடுவது நல்லது. ஆட்டம் முடிந்த பிறகு வரிசையில் நிற்பது கால்வலிக்காரர்களுக்கு ஆகாது.

இருக்கையைப் பற்றிச் சொல்லும்போது, கிழக்கு கேலரி வேண்டாம் என்பதையே முதலில் சொல்ல வேண்டும். மஞ்ஞப்பட என்னும் ரசிகர் அமைப்பினர் அங்கேதான் கூடுகிறார்கள். முரசு, கொடி, பாட்டு என்று ஆட்டம் முழுவதும் நின்றபடியே இருப்பார்கள். முன்னால் இருப்பவர் நிற்கும்போது பின்னால் இருப்பவரும் நின்றுதான் ஆக வேண்டும். உங்கள் நண்பருக்கு அந்த இடத்தின் மேல் ஆசை இருக்கலாம், ஆனால் மூன்று அறுபது வயதுக்காரர்களை அழைத்துக்கொண்டு வருகிறவர் மேற்குப் பக்கத்தில் எடுப்பதே நியாயம். அங்கிருந்து பார்த்தால் எதிரே கிழக்குக் கூட்டத்தின் ஆர்ப்பாட்டம் முழுவதும் கண்ணுக்கு விருந்தாகவும் இருக்கும். இது கிரிக்கெட்டும் ஆடக் கட்டப்பட்ட வட்டமான மைதானம் என்பதால், கீழ்வரிசையில் உட்கார்ந்தால் ஆடுகளம் தொலைவாகவும் தாழ்வாகவும் தெரியும். சற்று மேலே இருந்தால் பதினொருவரும் எப்படி நகர்கிறார்கள் என்பது விளங்கும். படிக்கட்டு ஏற முடிந்தவர்கள் மேலே ஏறுவது நல்லது. ஏற முடியாதவர் ஒருவர் இருந்தாலும் எல்லோரும் கீழேயே இருங்கள். பிரிந்து உட்கார்ந்தால் சேர்ந்து பார்க்க வந்ததற்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

தண்ணீர்ப் புட்டி, தலைக்கவசம், பெரிய பை ஆகியவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சு கொண்டுவந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள், நானே வைத்துக்கொள்வேன்.

பொருநைக் கரை | 2023 நவம்பர் 12

மேலே எழுதிய இருவரும் பாளை நடுவர் ஐயாவை வாயைக் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நண்பர் இவரை எதற்காக அழைத்தார் என்று யோசிக்க வேண்டும். அவருக்கு உடன் கத்துவதற்கு ஆள் வேண்டுமென்றால் அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். தம்மோடு நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள, எந்தப் பக்கமும் சாயாமல் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அவர் ஆசைப்பட்டிருப்பார். அப்படிப்பட்டவர் மஞ்சள் அணி கோல் போட்டால் துள்ளிக் குதித்து, நீல அணி கோல் போட்டால் முகத்தைத் தொங்கவிட்டு நடித்தால், நாற்பது ஆண்டு நண்பருக்கு அது தெரியாமலா போகும்? விளையாட்டு ரசிகர்களுக்கு வேறு எது தெரியாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவர் உண்மையாகக் கத்துகிறாரா, ஒப்புக்குக் கத்துகிறாரா என்பது நன்றாகவே தெரியும்.

நல்ல கோலுக்குக் கை தட்டலாம் என்பது என் கட்சி. எழுந்து நின்று தட்டச் சொல்லவில்லை. அமர்ந்தபடி, உங்கள் நண்பர் காதில் விழும் அளவுக்கு, அது நல்ல அடி என்று சொல்லுங்கள். ரசனை உள்ள ரசிகர் அதை ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு நிமிடம் வாதிடுவார், அதுவும் விழாவின் ஒரு பகுதிதான். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் மாணவர்களாக இருந்தபோது ஆட்டம் பார்த்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை சண்டை போட்டுக்கொண்டே நடந்த தலைமுறைதானே நாம் எல்லோரும்.

தூத்துக்குடிக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நீலச் சட்டை வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அவருக்கு மஞ்சளை மாட்டிவிட முயலாதீர்கள். வெள்ளைச் சட்டையில் வரட்டும்.

பாளை நடுவர் | 2023 நவம்பர் 13

மூவருக்கும் மிக்க நன்றி. மேற்குப் பக்கத்து இருக்கை பற்றி நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கிழக்கு கேலரியில்தான் எடுப்பதாக இருந்ததாகவும், எங்கள் முழங்கால்களுக்காக மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார். பாலருவியில் மூவருக்கும் இடம் பதிவாகிவிட்டது. வெள்ளைச் சட்டை என்னும் உடன்படிக்கைக்குத் தூத்துக்குடி நண்பரும் இறங்கிவந்துவிட்டார். உள்ளே போடும் பனியன் என்ன நிறம் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

ஜெர்சியைக் குமரிக் கடலோரம் சொன்னபடி வாங்கி அணிந்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். கை தட்டுவதைப் பற்றிப் பொருநைக் கரை சொன்னதுதான் எனக்கு உவப்பாக இருக்கிறது. ஆனால் கடலோரத்துத் தம்பி வேறொன்றைத் தொட்டுவிட்டார். எனக்கும் உள்ளூர அச்சம் அதுதான். நடுவராக நின்று பழகியவனுக்கு விசில் ஊதப்பட்டவுடன் அது சரியா, தவறா என்று மனம் தானாகவே தீர்ப்பெழுதிவிடும். கால்பந்து விதிகளை ஓரளவுக்குத்தான் அறிவேன் என்பதால், தவறாகத் தீர்ப்பெழுதும் அபாயமும் உண்டு. ஹாக்கியிலிருந்து கால்பந்து பார்க்கப் போகிறவன் எதில் தடுமாறுவான் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பணிநிறைவுக்கு என்ன பரிசு கொண்டுபோவது என்றும் யாராவது சொல்லுங்கள். சால்வையும் அல்வாவும் அலுவலகத்திலும் உறவினர்களிடமும் அவருக்குக் குவியப் போகின்றன.

கரிசல் மட்டை | 2023 நவம்பர் 14

நம் ஊர்க்காரர் கேட்டிருக்கிறார் என்பதால் இந்தப் பதில். நானும் கோவில்பட்டி ஹாக்கியிலிருந்து கால்பந்து பார்க்கப் போனவன்தான்.

முதல் தடுமாற்றம் ஆஃப்சைடில் வரும். நம் இளமையில் ஹாக்கியிலும் அது இருந்தது. 1990களின் பிற்பாதியில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹாக்கியில் முன்கள வீரர் கோல் காப்பாளரின் மூக்கடியில் போய் நின்றுகொண்டு பந்தை எதிர்பார்க்கலாம். கால்பந்தில் அது நடக்காது. தம் அணியைச் சேர்ந்தவர் பந்தை அனுப்பும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில் இருக்கும் முன்கள வீரர், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருந்து, ஆட்டத்திலும் பங்கெடுத்தால்தான் அது ஆஃப்சைடு. பந்து வந்து சேரும்போது அவர் எங்கே இருந்தார் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். புறப்பட்டபோது எங்கே இருந்தார் என்பதே கணக்கு. பக்கவாட்டிலிருந்து கையால் எறியப்படும் பந்து, கோல் உதை, மூலை உதை ஆகியவற்றிலிருந்து பந்து நேராக வந்தால் ஆஃப்சைடு இல்லை.

அடுத்தது கடிகாரம். ஹாக்கியில் இப்போது 15 நிமிடங்கள் வீதம் நான்கு பகுதிகள். நேரத்தை நிறுத்தி நிறுத்தி ஓடவிடுகிறோம். கால்பந்தில் 45 நிமிடங்கள் வீதம் இரண்டு பாதிகள், இடையில் 15 நிமிட ஓய்வு; கடிகாரம் நிற்பதே இல்லை. வீணான நேரத்தை நடுவர் கணக்கிட்டுப் பாதியின் கடைசியில் சேர்ப்பார். 90 நிமிடம் முடிந்ததென்று எழுந்து வாசலை நோக்கி நடந்துவிடாதீர்கள். மாற்று ஆட்டக்காரர்களும் நம்மூர் முறையில் போவதும் வருவதுமாக இருக்கமாட்டார்கள். வெளியே போனவர் போனவர்தான். மஞ்சள் அட்டை பெற்றவர் சில நிமிடங்கள் வெளியே உட்கார்ந்துவிட்டு வருவது ஹாக்கி வழக்கம். இங்கே அவர் களத்திலேயே ஆடுவார், இரண்டாவது மஞ்சள் வந்தால்தான் வெளியேற்றம். மற்றவை போகப் போகப் பிடிபடும்.

ஆனால் விதிகளைவிட முக்கியமாக நீங்கள் அறிந்திருக்க வேண்டியது, பிளாஸ்டர்ஸ் ரசிகர்களுக்கும் நடுவர்களுக்கும் இடையே இந்த ஆண்டு நிலவும் கசப்பு. கடந்த மார்ச் 3 ஆம் தேதி பெங்களூருவில் நடந்த வெளியேற்றச் சுற்று ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. பிளாஸ்டர்ஸ் தடுப்பாளர்கள் இன்னும் அணிவகுத்து முடிக்காத நிலையில் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை விரைந்து அடித்துக் கோலாக்கினார்; நடுவர் அதை ஏற்றுக்கொண்டார். பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் தம் அணியையே களத்திலிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. தடை முடிந்து அவர் சென்ற மாதம் 27 ஆம் தேதிதான் கலூரில் ஒடிசாவுக்கு எதிரான ஆட்டத்தில் மீண்டும் பக்கக் கோட்டருகே வந்து நின்றார். ஆசான் என்றுதான் ரசிகர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். சேத்ரியின் கோல் விதிப்படி சரிதானா என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு; உங்களுக்கும் இருக்கும்; அதை அந்த மைதானத்தில் மட்டும் வெளியிட வேண்டாம். காணொளி உதவி நடுவர் முறை நம் லீகில் இல்லை என்பதால், ஒவ்வொரு தீர்ப்பும் நடுவரின் கண்ணை மட்டுமே நம்பி நிற்கிறது. கேலரியில் எழும் கோபமும் அந்த அளவுக்குக் கூடுதலாகவே இருக்கும். உங்கள் கையில் விசில் இல்லை அண்ணாச்சி.

பரிசுக்கு என் யோசனை பத்தமடைப் பாய். திருமணங்களுக்கு மணமக்களின் பெயரைக் கோரையிலேயே நெய்து கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. நண்பரின் பெயரையும் பணிநிறைவு நாளையும் நெய்து தருவார்களா என்று உடனே விசாரியுங்கள். மெல்லிய பட்டுப்பாய்க்கு நாளாகும், சற்றே பருமனான ரகத்தில் விரைவில் கிடைக்கலாம். எந்த அணியின் நிறத்தையும் கேட்டு வாங்காதீர்கள். தோற்ற இரவில் அந்த நிறத்தைப் பார்க்க அவருக்கு மனம் வராது.

தோற்றால் என்ன பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். இதெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான். எந்த இடத்தில் ஆட்டம் கைநழுவியது என்று அவரிடமே கேளுங்கள். மெட்ரோ வரும்வரை அவர் பேசிக்கொண்டிருப்பார்.

பாளை நடுவர் | 2023 டிசம்பர் 2

நேற்று விடியற்காலையில் ஊர் வந்து சேர்ந்தோம். தோல்வியைப் பற்றி நான் பட்ட கவலைக்கு வேலை இல்லாமல் போயிற்று, வெற்றியும் இல்லை. ஆட்டம் 3–3 என்று முடிந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் இருக்கையைச் சரிசெய்துகொண்டு உட்காரும் முன்பே, முதல் நிமிடத்திலேயே ரஹீம் அலி சென்னைக்காகக் கோல் போட்டுவிட்டார். அவ்வளவு பெரிய மைதானம் ஒரே நொடியில் அடங்கிப்போக, எங்கள் வரிசையில் மட்டும் தூத்துக்குடி நண்பரின் குரல் தனியாகக் கேட்டது. அது சொல் எதுவும் இல்லாத வெறும் ஒலிதான். இருமல் என்று அவர் பிறகு விளக்கினார். முன்வரிசையில் இருந்த மலையாள இளைஞர்கள் நால்வர் திரும்பிப் பார்த்து, வெள்ளைச் சட்டையைப் பார்த்து, என் மஞ்சள் சட்டையையும் பார்த்துவிட்டு, இந்தச் சேட்டன் யார் என்று நண்பரிடம் கேட்டார்கள். என்னோடு படித்தவர், நாளை நான் பணிநிறைவு பெறுகிறேன், அதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார் என்று நண்பர் சொன்னதுதான் தாமதம், அவர்கள் அதைக் கேலரி முழுவதற்கும் அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகு பிளாஸ்டர்ஸ் போட்ட ஒவ்வொரு கோலுக்கும் அறிமுகமில்லாதவர்கள் வந்து நண்பரின் கையைக் குலுக்கினார்கள்.

இடைவேளையில் சென்னை 3–2 என்று முன்னிலையில் இருந்தது. அவற்றுள் இரண்டு கோல்களைப் போட்டவர் முன்பு பிளாஸ்டர்ஸ் அணிக்காகவே ஆடிய ஜோர்டான் மரே. இரண்டில் ஒன்று பெனால்டி. மற்றொன்றுக்கு நான் பொருநைக் கரை சொன்னபடி அமர்ந்தவாறே கை தட்டினேன். நண்பர் என்னை முறைத்துவிட்டு, அவன் எங்களிடம் இருந்தபோதும் நன்றாகத்தான் ஆடினான் என்று முணுமுணுத்தார். இரண்டாம் பாதியில் டியமன்டாகோஸ் சமன் செய்தபோது நான் எழுந்து நின்றேன். நண்பருக்காக எழுந்தேனா, அந்த அடிக்காக எழுந்தேனா என்று தூத்துக்குடிக்காரர் ரயிலில் குறுக்கு விசாரணை நடத்தினார். அது என் சொந்த விவகாரம் என்று சொல்லிவிட்டேன்.

பெனால்டித் தீர்ப்புகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கரிசல் மட்டை இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்தமடையில் பெயரும் தேதியும் நெய்து கொடுத்தார்கள். 30 ஆம் தேதி அலுவலக விழாவில் வந்த சால்வைகளையெல்லாம் அந்தப் பாயின் மீதுதான் குவித்து வைத்திருந்தார். அடுத்தபடியாக, சென்னையில் நடக்கும் மறு ஆட்டத்துக்கு அவர் வருகிறாராம். அப்போது அவர்தான் எதிரணிக் கூட்டத்தின் நடுவில் உட்கார வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும் பொறுப்பைத் தூத்துக்குடி நண்பர் ஏற்றுக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சென்னை மைதானத்தைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

குமரிக் கடலோரம் | 2023 டிசம்பர் 2

அண்ணாச்சி, சென்னை நேரு மைதானத்தில் பி ஸ்டாண்ட் புளூஸ் என்னும் ரசிகர் அமைப்பினர் கூடும் பகுதியில் மட்டும் அவருக்கு டிக்கெட் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தூத்துக்குடி நண்பர் அதைத்தான் எடுப்பார். கொச்சியிலிருந்து மஞ்சள் கூட்டம் சென்னைக்குத் திரளாக வருவது வழக்கம். அவர்களுக்கு ஒதுக்கும் பகுதியில் விழா நாயகரையும் உங்களையும் உட்கார வைத்துவிட்டு, தூத்துக்குடிக்காரரை நீலச் சட்டையோடு அவர் விரும்பும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் சென்ட்ரலில் சந்தித்துக்கொள்ளலாம்.